குடும்ப அறைக்குக் காற்று வந்த கதை

ஆமாம், நான்தான். அந்த வீடியோவில் இருப்பது நான்தான். பஸ் ஏறியதிலிருந்து என் முகத்தையும் உங்கள் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வருகிறீர்கள். நேராகவே கேட்டிருக்கலாம், நான் ஒன்றும் கடித்துவிட மாட்டேன். அநியாயம் நடந்தது எனக்கு. மதிவதனி, எம்.ஏ. பொது நிர்வாகம், இரண்டாம் ஆண்டு. ஓட்டலில் காசு கொடுத்துச் சாப்பிட உட்கார்ந்தவள், ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தாதீர்கள் என்று ஒரு மனிதரிடம் சொன்னாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அதை யாரோ படம் பிடித்து, பின்னால் குத்துப்பாட்டு மேளம் சேர்த்து, ஜில்லா முழுவதும் சுற்ற விட்டுவிட்டார்கள்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள், மூடுங்கள், உங்கள் இஷ்டம். இந்த விஷயத்தில் நான் இப்போதெல்லாம் வாயே திறப்பதில்லை. கால்வாசி திறந்தால் பின் சீட்டுக்காரருக்கும் காற்று போகும் என்பது என் தனிப்பட்ட கருத்து. கருத்துதான், வற்புறுத்தவில்லை.

வீடியோவில் என்ன இருக்கிறது? என் இடது கை சுவிட்சு மேல். வலது கை நிறையச் சாம்பார் சாதம். "நான் இந்த ஃபேனுக்கு முன்னாடி உக்காந்தே சாவேன், அதைப் பத்தி உங்களுக்கு என்ன?" என்று கத்துகிறேன். அதோடு வெட்டிவிட்டார்கள். அதற்கு முன்னால் அந்த மனிதர் பேசியது இல்லை. பின்னால் நான் பேசியதும் இல்லை. பின்னால் பேசியதுதான் நல்ல பாயிண்ட்டுகள். 'ஃபேன் அக்கா' என்று பெயர் வேறு. எனக்கு இருபத்திரண்டு வயது. அக்கா என்று போட்டவன் சிரிக்கிற குரலைக் கேட்டால் முப்பதுக்குக் குறையாது.

சரி, போளூர் வர இன்னும் நேரம் இருக்கிறது. ஆதியிலிருந்து சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் பஸ் நிழற்குடைகளைப் பற்றி ஆய்வு செய்கிறேன். சிரிக்காதீர்கள், அது ஒரு பெரிய விஷயம். நிழற்குடையில் யார் உட்காருகிறார்கள், யார் நிற்கிறார்கள், நிழல் உண்மையில் எந்தப் பக்கம் விழுகிறது, இதையெல்லாம் நேரில் பார்த்து எழுத வேண்டும். அதற்காகச் சித்திரை மாதம் முழுக்க வேலூரில் தெருத் தெருவாக நின்றேன். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் சாப்பிடப் போனால் அங்கேயாவது கொஞ்சம் காற்று வேண்டும் என்று நினைப்பது ஆடம்பரமா?

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் பத்மாலயா என்று ஒரு ஓட்டல். சாப்பாடு நன்றாக இருக்கும். அதை மறுக்க மாட்டேன், நான் நியாயமானவள். முதல் நாள் உள்ளே நுழைந்தேன். ஹாலில் நாலு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி காலி. உட்காரப் போனேன். சர்வர் ஏழுமலை, ஐம்பது வயது இருக்கும், கையில் நாலு தண்ணீர் டம்ளரோடு குறுக்கே வந்து நின்றார்.

"லேடீஸ்னா உள்ள போம்மா. ஃபேமிலி ரூம்."

"நான் தனியாத்தான் வந்திருக்கேன்."

"அதான் ஃபேமிலி ரூம்."

"எனக்கு இன்னும் குடும்பமே இல்லைண்ணா."

"ஆயிடும், போம்மா."

பார்த்தீர்களா? ஒரு ஆண் தனியாக வந்தால் அவர் வாடிக்கையாளர். ஒரு பெண் தனியாக வந்தால் அவளே ஒரு குடும்பம். இதைப் பற்றி அங்கேயே நின்று பேசினேன். கல்லூரியில் பட்டிமன்றத்தில் எந்த அணியில் போட்டாலும் பேசுகிறவள் நான். ஹாலில் எல்லோரும் சாப்பிடுவதை விட்டுவிட்டுக் கேட்டார்கள். நான் முடிப்பதற்குள் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து இலையில் தண்ணீரும் தெளித்துவிட்டார். சரி, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் வைப்போமே என்று போனேன். நிலவரம் தெரிந்துகொள்ளத்தான். பணிந்து போனேன் என்று நினைக்க வேண்டாம்.

உள்ளே நாலு மேசை. இருந்த ஒரே ஜன்னலையும் சமையலறை மிளகாய்ப் புகை வருகிறது என்று பலகை வைத்து அடைத்திருந்தார்கள். வாசலில் ஒரு திரை, காப்பித்தூள் நிறம், போர்வை மாதிரி கனம், தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. சுவரில் ஒரு ஃபேன். தலையை ஆட்டி எல்லா மேசைக்கும் காற்றுக் கொடுக்க வேண்டிய ஃபேன். அது தலையை ஆட்டவில்லை. மூலை மேசையை மட்டும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அதன் கழுத்தில் இனிப்புப் பெட்டி கட்டுகிற கயிறு. இழுத்து ஆணியில் கட்டியிருந்தது.

மூலை மேசையில் இருந்தவர் ஒரு போக்குவரத்துக் காவலர். வெள்ளைச் சட்டையில் பி. அமுலு என்று பெயர். தொப்பி மேசை மேல் கவிழ்ந்து கிடந்தது. பெல்ட் பக்கத்து நாற்காலியில் தொங்கியது. ஷூவைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் வைத்திருந்தார். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தார். அரசாங்கம் அவருக்காகவே அந்த ஃபேனைச் சுவரில் அடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

அந்த ஃபேனிலிருந்து எனக்கு ஒரு இம்மி காற்று வரவில்லை. நான் திரையைத் தூக்கி வாசல் ஆணியில் மாட்டி, என் தலை கிளிப்பை எடுத்துப் போட்டு நிறுத்தினேன். ஹாலிலிருந்து காற்று வந்தது. நல்ல காற்று. என் இலை ஓரம் படபடத்தது.

"இந்தாம்மா, திரைய விடு." கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"வேர்க்குது மேடம்."

"சித்திர மாசத்துல வேர்க்காம இன்னா செய்யும்?"

"உங்களுக்கு வேர்க்காது. ஃபேன் உங்களையே பாக்குது."

இப்போது கண்ணைத் திறந்தார். அந்த ஃபேனை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தார். "அதுக்குக் கழுத்து சுளுக்கு."

"சுளுக்குக்கு மைசூர்பாகு கயிறா கட்டுவாங்க?"

அடுத்த மேசையில் குணசுந்தரி அக்கா இருந்தார். இன்சூரன்ஸ் ஏஜென்ட். நாள் பூராவும் ஊர் சுற்றிவிட்டு மத்தியானம் அங்கே வந்து சாப்பிடுகிறவர். அவருக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது. "ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பாலிசி போட்டுக்குங்க. இந்தச் சண்டை எங்க போய் முடியும்னு தெரியல," என்றார்.

அமுலு மேடம் எழுந்தார். வெறும் காலோடு வந்து இடது கையால் கிளிப்பைக் கழற்றினார். திரை விழுந்தது. கிளிப்பை என் இலை ஓரத்தில், ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தார். விவாதத்துக்கே வராதவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறுநாளும் போனேன். ஏன் போனாய் என்று கேட்பீர்கள். எங்கள் துறைக்கு எதிரிலேயே மெஸ் இருக்கிறது, விலையும் குறைவு, ஜன்னலும் உண்டு. ஆனால் அது விஷயம் இல்லை. இரண்டாம் நாள் துணி மாட்டுகிற கிளிப் கொண்டு போனேன். மூன்றாம் நாள் துறை அலுவலகத்திலிருந்து காகிதக் கட்டுக்குப் போடுகிற இரும்புக் கிளிப். அவர் ஊக்கு கொண்டு வந்து திரையின் அடியைக் கால்மிதியோடு சேர்த்துக் குத்தி வைத்தார். ஏழுமலை அண்ணன் சாம்பார் வாளியோடு வந்து திரையில் மாட்டிக்கொண்டு, "எம்மா, உங்க சண்டையில என்னைக் கவுத்துடாதீங்க, சாம்பார் சூடா கீது," என்றார்.

ஒரு நாள் அமுலு மேடமே இறங்கி வந்தார். மறைக்காமல் சொல்கிறேன். "இந்தாம்மா. கயிற அவுத்துர்றேன். ஃபேன் உன் பக்கமே பாக்கட்டும், நான் வேர்த்துக்கினே சாப்புடுறேன். திரை மட்டும் கீழ இருக்கட்டும்," என்றார். சொன்னபடி எழுந்து கயிற்றை அவிழ்த்தும் விட்டார். ஃபேன் பல மாதம் கழித்துத் தலையைத் திருப்பியது. காற்று என் மேல் பட்டது.

ஆனால் அதற்குள் விஷயம் ஃபேனைத் தாண்டிப் போய்விட்டது இல்லையா? எனக்குக் காற்று வந்துவிட்டது என்பதற்காக மூடி வைக்கிற ஏற்பாட்டையே ஒத்துக்கொள்ள முடியுமா? அதைத்தான் சொன்னேன். "மேடம், கேள்வி ஃபேன் பத்தினது இல்ல. பெண்களை ஏன் திரை போட்டு மூடி வைக்கணும்?"

"யாரும் மூடலம்மா. நான் சாப்புட்டுக்கினு இருக்கேன்."

"திறந்து வெச்சும் சாப்பிடலாமே."

"நீ சாப்புடுவ," என்றார். பெல்ட்டை மாட்டிக்கொண்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாதிச் சோறு இலையில் இருந்தது.

குணசுந்தரி அக்காதான் அப்புறம் சொன்னார். போன கோடையில் அமுலு மேடம் சிக்னலில் நின்றுகொண்டே தலை சுற்றி, ஓரமாகப் போய்க் கரும்புச் சாறு கடையில் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்திருக்கிறார். பின்னால் இரண்டு லாரி ஒன்றுக்கொன்று வழி விடாமல் நின்றிருக்கிறது. எவனோ எடுத்துவிட்டான். 'ஊருக்கே ஜாம், மேடத்துக்கு ஜூஸ்' என்று போட்டு எல்லாக் குரூப்பிலும் சுற்றியது.

"அதுக்கு மெமோ குடுத்துட்டாங்கம்மா. இன்னொரு வீடியோ வந்துச்சுன்னா ஆயுதப்படைக்குத் தூக்கிடுவேன்னு இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாராம். இவ பொண்ணு ரெண்டாவது படிக்குது. சாயந்தரம் ஸ்கூலுக்குப் போய்க் கூட்டிக்கினு வர்றதுக்கு இவள விட்டா ஆள் கெடையாது. அதான் யூனிபாரத்தோட ஒரு வாய் தண்ணி கூட வெளிய வெச்சுக் குடிக்க மாட்டா. இந்தத் திரைக்கு உள்ளதான் அவளுக்குச் சோறு."

கேட்டதும் எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? ஒரு காவலர் சாப்பிடுவது குற்றமா? தாகம் எடுப்பது குற்றமா? குற்றம் இல்லை என்றால் ஏன் ஒளிந்துகொண்டு சாப்பிட வேண்டும்? ஒளிந்தால் குற்றம் என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா? ஆகவே, யோசித்துப் பாருங்கள், அமுலு மேடத்தின் நிலைமையைக் கேட்ட பிறகு அந்தத் திரையை எடுக்க வேண்டியது இன்னும் அவசரமாகிவிட்டது. குணசுந்தரி அக்காவிடம் இதை விளக்கினேன். அவர் கை கழுவப் போனவர் திரும்பி என் பக்கம் வரவில்லை.

அன்றைக்கே கல்லாவுக்குப் போனேன். கல்லாவில் முதலாளி முனிரத்தினம், நெற்றியில் விபூதி, சட்டைக்குள் விசிறி மட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். அவருக்கே காற்று இல்லை, பாருங்கள்.

"சார், அந்தத் திரையை எடுக்கணும்."

"பாப்பா, அது எங்கப்பா காலத்துலேர்ந்து தொங்குது."

"பாத்தாலே தெரியுது சார். துவைச்சதும் அவர் காலத்துலதான்."

பில் கட்ட நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். முனிரத்தினம் விசிறியை நிறுத்தினார். நான் விடவில்லை. அடைத்த ஜன்னல், கனமான திரை, ஒரே வாசல். உள்ளே தீப்பிடித்தால் என்ன ஆகும்? காற்றோட்டம் இல்லாத இடத்தில் உணவு பரிமாறலாமா? உணவுப் பாதுகாப்பு அலுவலகம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதற்கு எதிரில் உள்ள நிழற்குடையில்தான் நாளைக்கு எனக்கு வேலை. கடைசியில் சொன்னது வெறும் தகவல்தான். மிரட்டல் இல்லை.

மறுநாள் திரை இல்லை. குடும்ப அறை என்று வாசலுக்கு மேலே இருந்த பலகையும் இல்லை. முனிரத்தினம் கல்லாவிலிருந்தே கையை ஆட்டினார். "நீ சொன்னாப்பலயே பண்ணிட்டேன் பாப்பா. எல்லாம் ஒரே ஹால். காத்தோட்டமா இருக்குது பாரு."

காற்று வந்தது. ஹால் ஃபேனும் சுவர் ஃபேனும் சேர்ந்து, என் குறிப்புத் தாள்கள் பறக்கிற அளவுக்கு வந்தது. நான் அன்றைக்கு ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வாழ்க்கையில் எத்தனை விவாதத்தில் ஜெயித்திருக்கிறேன், இப்படி உடனே காற்றாக வந்து முகத்தில் பட்டது இதுதான் முதல் தடவை.

பக்கத்து மேசைகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஹாலில் இடம் இல்லாமல் நின்றவர்களை ஏழுமலை அண்ணன் உள்ளே அனுப்பிவிட்டார். அதில் என்ன தப்பு? எல்லாம் ஒரே ஹால். குணசுந்தரி அக்கா வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நாளைலேர்ந்து டிபன் பாக்ஸ் எடுத்துக்கினு வந்துர்றேன்மா, உடம்புக்கும் நல்லது," என்று சொல்லிவிட்டுப் போனார். பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அமுலு மேடம் வந்தார். வழக்கம்போல ஹாலைக் கடக்கும்போதே பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வாசலில் வந்ததும் நின்றார். திரை இருந்த கம்பியைப் பார்த்தார். மூலை மேசையைப் பார்த்தார். அங்கே மூன்று பேர் போனைப் பாத்திரத்தில் சாய்த்து வைத்துக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே பூரி சாப்பிட்டார்கள். மேடம் பெல்ட்டை மறுபடி இறுக்கினார். தொப்பியைப் போட்டார்.

நான் எழுந்து நின்று, "வாங்க மேடம், இப்ப யாரும் யாரையும் மறைக்க வேண்டியதில்ல. எதிர்ல உக்காருங்க," என்று கூப்பிட்டேன். உண்மையாகவே சந்தோஷமாகத்தான் கூப்பிட்டேன்.

"நல்லா காத்து வருது," என்றார் அவர். ஏழுமலையிடம் ஒரு சாப்பாடு பார்சல் சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் எங்கே சாப்பிட்டார் என்றால், சொன்னால் நம்ப மாட்டீர்கள். சிக்னல் முக்கில் ஒரு போலீஸ் பூத் இருக்கிறது. தகரத்தில் செய்த பெட்டி, பக்கத்தில் ஒரு மரம் கூடக் கிடையாது. எதிர்ப்பக்கம் நிழற்குடை, அங்கே நான் வேலையாக நிற்கிறேன். மத்தியானம் ஆனால் மேடம் உள்ளே போவார். தகரக் கதவைச் சாத்துவார். ஜன்னல் பலகையும் இறங்கும். அந்த வெயிலில், அந்தத் தகரத்துக்குள். வெளியே வரும்போது வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். நேராக நடு ரோட்டுக்குப் போய்க் கையைக் காட்டுவார். பத்தடி தள்ளி இவ்வளவு காற்றோட்டமான ஓட்டல் இருக்கும்போது. பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேண்டாமா? எனக்கு மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் சுதந்திரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றால் நாம் என்ன செய்ய முடியும்?

இப்போது வீடியோவுக்கு வருகிறேன்.

போன வாரம். நான் சுவர் ஃபேனுக்கு எதிர் மேசையில் இருக்கிறேன். என் எதிரில் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்தார். இரண்டு காதிலும் பஞ்சு. இலை போட்டார்கள், அப்பளம் வைத்தார்கள். அப்பளம் காற்றில் நகர்ந்து என் பக்கம் வந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு, எழுந்து போய், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஃபேனை நிறுத்தினார்.

நான் போட்டேன்.

அவர் நிறுத்தினார். "எனக்கு சைனஸ்மா."

நான் போட்டேன். "எனக்கு வேர்வை சார்."

"வேர்வை ஒரு வியாதியா?"

"சைனஸ் ஒரு உரிமையா?"

இது வரைக்கும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் எனக்குத்தான் தலையாட்டினார்கள். அப்போது அவர் சொன்னார், "பொம்பளைங்கதானே, ஃபேமிலி ரூம்ல போய் உக்காந்து இஷ்டத்துக்குக் காத்து வாங்குங்க."

"இதான் சார் ஃபேமிலி ரூம்."

அவர் சுற்றிப் பார்த்தார். நாலு மேசையிலும் ஆண்கள். "திரை எங்கம்மா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் நீளமான பதில். நான் முதல் பாயிண்ட்டை ஆரம்பிப்பதற்குள் அவர் மறுபடி ஃபேனை நிறுத்திவிட்டார். அப்போதுதான் நான் எழுந்து, சாப்பிட்ட கையோடு, அந்த வாக்கியத்தைச் சொன்னேன். சாவேன் என்று சொல்லியிருக்க வேண்டாம். ஒரு வேகத்தில் வருவதுதான். திரும்பிப் பார்த்தால் பூரி மேசையில் ஒரு போன் என்னைப் பார்த்து நிமிர்ந்திருந்தது.

சாயந்தரத்துக்குள் ஊர் பார்த்துவிட்டது. மறுநாள் ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டும்போது, "அக்கா, காத்து வருதா?" அடுத்த தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், "அக்கா, காத்து வருதா?" என் ஆய்வு நெறியாளர் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "நிழற்குடை ஆய்வுல காற்றோட்டம் பத்தி ஒரு அத்தியாயம் சேக்கலாமே மதிவதனி, உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கே," என்றார். அம்மா போளூரிலிருந்து போன். "ஏண்டி, ஓட்டலுக்குப் போய் ஃபேனுக்கா சண்டை போட்ட? நம்ம வீட்ல ரெண்டு ஃபேன் ஆள் இல்லாம சுத்திக்கினு கெடக்குது." அதற்காகத்தான் இப்போது ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நேரில் விளக்கிச் சொன்னால் அம்மாவுக்குப் புரியும்.

ஆனால் நான் பயந்து ஓடுகிறவள் இல்லை. அடுத்த நாள் அதே பத்மாலயாவுக்குப் போனேன். அதே மேசை. ஏழுமலை அண்ணன் இலை போட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார், "வேகம் போதுமாம்மா, இன்னும் ஒண்ணு கூட்டி வெக்கட்டுமா?" நாலு மேசையும் சிரித்தது. ஹாலில் இரண்டு பேர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு போன் நிமிர்ந்தது. அப்புறம் இன்னொன்று.

சாதத்தைப் பிசைந்தேன். உருண்டை பிடித்தேன். கை பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. சொன்னால் விசித்திரமாக இருக்கும், வாயைத் திறப்பது எப்படி என்று மறந்துபோன மாதிரி இருந்தது. சாதாரணமாக ஒரு உருண்டையை வாயில் போட்டுக்கொள்ளும்போது முகம் எப்படிக் கோணும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. அப்போது அதை மட்டும்தான் யோசித்தேன். காற்று ஜோராக வந்துகொண்டிருந்தது. என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

பார்சல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது? நிழற்குடைக்குப் போனேன். என்னை விட அதைப் பற்றித் தெரிந்தவர் இந்த ஜில்லாவில் யாரும் இல்லை. மூன்று பக்கமும் திறந்திருக்கும். நல்ல காற்றோட்டம். உட்கார்ந்திருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்சலைப் பிரிக்கவில்லை.

பசி. தலை கிறுகிறுத்தது. எதிரே தகர பூத். கதவு சாத்தியிருந்தது. சரி, புகார் கொடுப்போம் என்று முடிவு செய்தேன். போலீசில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஒரு குடிமகளாகத்தான் போனேன், வேறு காரணம் எதுவும் இல்லை.

தகரக் கதவைத் தட்டினேன். கை சுட்டது.

"யாரு?"

"நான்தான் மேடம். ஃபேமிலி ரூம்."

உள்ளே இலை மடிகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் கதவைப் பார்த்தே ஆரம்பித்தேன். ஒருவர் சாப்பிடும்போது அனுமதி இல்லாமல் படம் எடுப்பது சட்டப்படி தவறு. அதை வெட்டி ஒட்டுவது இன்னும் பெரிய தவறு. பொது இடத்தில் சாப்பிடும் உரிமை எல்லோருக்கும் உண்டு. "உங்களுக்கு நடந்தது வேற மேடம், நீங்க டியூட்டியில இருந்தீங்க. நான் வாடிக்கையாளர். என் கேஸ் வேற மாதிரி. அதை முதல்லயே தெளிவா சொல்லிடறேன்," என்றேன். இரண்டாவது பாயிண்ட்டுக்குப் போகும்போது பின்னால் பைக்கில் ஒருவன் வேகத்தைக் குறைத்தான். "அக்கா, அங்க காத்து வராதே," என்றான். அவன் பின்னால் உட்கார்ந்திருந்தவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

நான் பேச்சை நிறுத்திவிட்டேன். நானாக நிறுத்தினேன். பட்டிமன்றத்தில் நடுவர் மணி அடித்தால் கூட நிறுத்தாதவள்.

கதவு ஒரு முழம் திறந்தது. உள்ளே ஒரு ஸ்டூல், கவிழ்த்து வைத்த தொப்பி, பிரித்த பார்சல். அமுலு மேடத்தின் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு வழியாக இறங்கி மோவாயில் நின்றது. என் முகத்தைப் பார்த்தார். பைக்கைப் பார்த்தார். என் கையில் பிரிக்காமல் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார். இன்னும் எனக்கு மூன்று பாயிண்ட் பாக்கி இருந்தது, அதையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து சுவரோடு ஒண்டிக்கொண்டார்.

"உள்ள வந்து கதவைச் சாத்து. வேர்க்கும், சொல்லிட்டேன்."